இரவில் சைக்கிள் ஓட எந்த ஊர்: கோப்பன்ஹேகனா, ஆம்ஸ்டர்டாமா, பாரிஸா?

மச்சான் போன கிழமை பின்னேரம் என் சைக்கிள் கடைக்கு வந்தது ரியூப்புக்கு ஒட்டுப்போட. அவரைக் கட்டிய என் தங்கச்சியும் கூட வந்திருந்தாள். சந்தையில் வாங்கிய மரக்கறிப் பையைக் காலடியில் வைத்துவிட்டு வாங்கில் இருந்தாள். ஒட்டி முடித்து, ரியூப்பைத் தண்ணீர்ச் சட்டிக்குள் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது மச்சான் விசயத்தை எடுத்தார்.

"ஓகஸ்ட் லீவுக்கு விசா சரிவரும் போலக் கிடக்கு. நீ அங்க மூண்டு ஊரிலயும் இரவில சைக்கிள் ஓடித் திரிஞ்சனி. சொந்தக்காரர் வீடு, கோயில், கொண்டாட்டம் எல்லாம் போக எனக்கெண்டு மூண்டு இரவுதான் மிஞ்சும். எந்த ஊரில ஓடுறது?"

அவருடைய தம்பி கோப்பன்ஹேகனில், மாமி பாரிஸில், எங்களோடு படித்த சிநேகிதன் ஆம்ஸ்டர்டாமில். வன்னியில் இது ஒரு புதினமே இல்லை. கேள்விதான் புதினம். வெளிநாடு போய் வந்தவர்களிடம் குளிர் எப்படி, சம்பளம் எப்படி என்று கேட்பார்கள். அங்கே சைக்கிள் எப்படி ஓடுகிறது என்று என்னிடம் கேட்ட முதல் ஆள் இவர். அன்று வாயால் சொன்னதைத்தான் கொஞ்சம் ஆறுதலாக யோசித்து இங்கே எழுதுகிறேன்.

நான் போனது 2023 ஓகஸ்டில். அதற்கு முந்தின வருசம் பெற்றோலுக்கு நாள் கணக்கில் வரிசை நின்றபோது, கோழிக்கூட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளெல்லாம் பரந்தனில் என் கடை வாசலுக்கு வந்தது. பத்து வருசமாகப் பெடல் மிதிக்காதவர்கள் செயினுக்கு எண்ணெய் கேட்டு வந்தார்கள். அந்த உழைப்புத்தான் என் விமான ரிக்கெற்.

இரவில் சைக்கிள் ஓடுவது எங்களுக்குப் புதிதல்ல. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரவிரவாக மிதித்துப் போய், மற்ற நாள் கடை திறந்த ஆள் நான். பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த கரண்டில் ரேடியோச் செய்தி கேட்டிருக்கிறோம். ஆனால் சும்மா ஊர் பார்ப்பதற்கென்று இரவில் சைக்கிளை வெளியே எடுத்தவர் எங்கள் பக்கம் யார்? ஏ-9 வீதியில் மாடு படுத்திருக்கும். ஒட்டுசுட்டான் பக்கம் யானை நிற்கும். பின்னால் வருகிற லொறியின் வெளிச்சம் எங்கள் நிழலைத் தூக்கி முன்னால் போட்டதென்றால் வீதியோரக் கிறவலில் இறங்கிவிட வேண்டும். அதனால் வன்னியில் இரவில் ஓடுகிறவனுக்குக் கழுத்து ஒரு இடத்தில் நிற்காது. நூறு மீற்றருக்கு ஒருக்கால் பின்னால் பார்க்கும்.

ஊர்களை ஒப்பிட நான் எடுத்த அளவுகோலும் அதுதான். எந்த ஊர் வடிவு என்று கேட்டால் மூன்றும் வடிவு. எந்த ஊரில் எத்தனை தடவை திரும்பிப் பார்த்தேன் என்றுதான் கணக்கு வைத்தேன்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்றை முதலே சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லாம் வலப்பக்கம். பகலில் முன்னால் போகிறவரைப் பார்த்துப் பின்னால் போகலாம். இரவில் வெறும் தெருவில் ஒரு சந்தி திரும்பியதும் கை தன்பாட்டில் இடப்பக்கம் இழுக்கும். முதல் கிழமையில் எனக்கு நாலு தடவை நடந்தது, நாலும் இரவில். இடது கையில் ஒரு றப்பர் பாண்ட் போட்டுக்கொண்டு, "இந்தக் கை எப்போதும் நடுறோட்டுப் பக்கம்" என்று மனதில் பதித்த பிறகுதான் அடங்கியது.

சரி, கோப்பன்ஹேகன்.

அங்கே சைக்கிள் பாதை என்பது தெருவில் இழுத்த கோடு அல்ல. நடைபாதைக்கு ஒரு படி கீழே, வாகன வீதிக்கு ஒரு படி மேலே, கல் விளிம்பு வைத்துக் கட்டிய தனிப் பாதை. பெரிய வீதிகள் எல்லாம் அப்படித்தான். கார் நிறுத்தும் இடமும் அந்த விளிம்புக்கு வெளியேதான். அதாவது நிறுத்தி வைத்த கார்கள் உங்களுக்கு மதில். ஒரு சாண்கூட இல்லாத அந்தப் படிதான் அந்த ஊரின் முழுச் சூத்திரமும். பின்னால் வருகிற கார் எவ்வளவு கெதியாக வந்தாலும் அது வேறு தளத்தில் வருகிறது.

மச்சானின் தம்பி தன்னுடைய பழைய சைக்கிளைத் தந்தார். அதில் லைற்றைப் பார்த்துவிட்டு நான் ஓடவே மறந்துவிட்டேன். சில்லுக் கம்பியில் இரண்டு காந்தம், அச்சோடு சேர்த்து ஒரு சின்ன லைற். சில்லு சுற்றினால் எரியும். பற்றரியும் இல்லை, ரயரில் உராய்கிற டைனமோவும் இல்லை. ரீலைற் என்று டென்மார்க்காரர்களே செய்தது. எங்கள் டைனமோவைச் சாய்த்து விட்டால் பின்னால் ஒரு ஆளை ஏற்றியது போலப் பாரமாகும், 'கிர்' என்று சத்தமும் வரும். இதில் இரண்டும் இல்லை. கடைக்காரன் புத்தி, வாசலில் குந்தியிருந்து பத்து நிமிடம் சில்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓடென்ஸ நகரத்தில் 2004, 2005இல் ஏறக்குறைய 4,000 சைக்கிள்காரரை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். பகலிரவு எந்நேரமும் லைற் எரிந்தபடி ஓடியவர்களுக்குக் காயம்பட்ட விபத்துகள் 19 வீதம் குறைவாம். லைற் இல்லாமல் ஓடினால் பொலிஸ் தண்டம் எழுதும். பொழுதுபட்டது முதல் விடியும்வரை முன்னுக்கும் பின்னுக்கும் எரியவேண்டும், 300 மீற்றரில் தெரியவேண்டும்.

நோர்ரபுரோ பக்கத்தில் இருந்து வெளிக்கிட்டோம். ஏரிகளுக்கு மேலால் போகும் லூயிஸ் இராணி பாலத்தில் நாளொன்றுக்கு 40,000க்கு மேல் சைக்கிள் போகிறது. இரவு பத்தரைக்கும் எங்கள் பள்ளிக்கூடம் விட்ட நேரம் போல இருந்தது. பாலத்துக் கட்டில் இளம் பிள்ளைகள் குந்தியிருந்து கதைக்கிறார்கள். பக்கத்தில் சைக்கிள்கள் சாய்ந்து கிடக்கின்றன. கரையில் ஒரு கட்டடத்தின் மேல் நியோன் விளக்கில் ஒரு கோழி. ஒரு பழைய பலசரக்குக் கடைக்காரர் 1936இல் வைத்த விளம்பரம். அன்றிலிருந்து அது முட்டை இட்டுக்கொண்டே இருக்கிறது: ஒன்று விழும், அணையும், அடுத்தது விழும். தண்ணீருக்குள்ளும் ஒரு கோழி, அதுவும் முட்டை இடும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் உறைத்தது. அரை மணித்தியாலமாக நான் ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை.

பிறகு நீஹாவன் என்ற பழைய துறைமுகக் கரை. அங்கிருந்து துறைமுகத்தின் மேலால் ஒரு பாலம். 2016இல் திறந்தது, நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மட்டும். கப்பல் வந்தால் பாலத்தின் இரண்டு பாதியும் பின்வாங்கி, பிறகு திரும்ப வந்து முட்டும். அதனால் ஊரார் அதை முத்தமிடும் பாலம் என்கிறார்கள். நடுவில் காற்று அறைகிற அறையில் கண்ணால் தண்ணீர் வரும். ஓகஸ்டிலும் ஒரு காற்றுச்சட்டை வேண்டும். அதை நான் கொண்டு போகவில்லை. கிறிஸ்ரியான்ஸ்ஹாவன் பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனால் கடைசியில் 'சைக்கிள் பாம்பு' என்ற செம்மஞ்சள் பாலம். 2014இல் கட்டியது. நிலத்தில் இருந்து ஒரு மாடி உயரத்தில், தண்ணீருக்கும் கட்டடங்களுக்கும் நடுவால் வளைந்து வளைந்து இறங்கும். நடக்கிறவருக்கு அதில் இடமே இல்லை. சைக்கிளுக்கென்று மட்டும் ஒரு பாலம் கட்டி அதற்கு விளக்கும் போட்டிருக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது. எங்கள் பக்கத்தில் மதகு உடைந்து மூன்று மாரி போன ஒழுங்கைகளை நினைத்தேன்.

இந்த ஊரில் இடைஞ்சல் தருவது வாகனம் இல்லை, சட்டம்பியார்மார். நிற்கப் போகிறீர்கள் என்றால் கையை உயர்த்திக் காட்டவேண்டும். காட்டாமல் நின்றால் பின்னால் வருகிறவர் சண்டை பிடிக்க மாட்டார். ஒரு பெல், ஒரு பார்வை. அது போதும், அன்றைக்கு நித்திரை வராது. இடப்பக்கம் திரும்ப நடுறோட்டுக்குப் போகக்கூடாது. நேரே சந்தியைக் கடந்து, எதிர்மூலையில் நின்று, அந்தப் பக்கத்துப் பச்சை விழுந்த பிறகு போகவேண்டும். சில சந்திகளில் சிவப்புக்கு நிற்கும்போது சீற்றை விட்டு இறங்காமல் கால் வைக்க ஒரு கம்பியும் கை பிடிக்க ஒரு கம்பியும் போட்டிருக்கிறார்கள். அதில் காலை வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு மாப்பிள்ளைத் தோரணை வந்துவிட்டது.

வழி தவறினாலும் பயமில்லை. எஸ்-ரயில் என்ற நகர ரயிலில் சைக்கிளுக்குக் காசில்லை, 2010இல் இருந்து. வெள்ளி, சனி இரவுகளில் அது விடியும்வரை ஓடும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: யூனில் போனால் அங்கே இரவே கிடையாது. பத்து மணிக்குத்தான் பொழுதுபடும், அதற்குப் பிறகும் வானம் முழுதாகக் கறுக்காது. ஓகஸ்ட் நடுவில் எட்டே முக்காலுக்குப் பொழுதுபட்டு, பத்துக்கு நல்ல இருட்டு. பள்ளிக்கூட லீவுக்குப் போகிற மச்சான் மாதிரி வாத்தியாருக்கு அது தோது.

ஆம்ஸ்டர்டாமைப் பற்றி எனக்கு நடுநிலையாக எழுத வராது. காரணம் ஒரு வால்கட்டை, ரியூப்புக்குக் காற்றடிக்கிற வாய்.

சிநேகிதன் தந்த கறுப்புச் சைக்கிளுக்குக் காற்றுப் போதாமல் இருந்தது. குனிந்து பார்த்தால், எங்கள் லுமாலாச் சைக்கிளில் இருக்கும் அதே வகை வால்கட்டை. பள்ளிக்கூடத்தில் வாத்தியாரின் சைக்கிளில் பிடுங்கி எறிவோமே, அதே சாமான். பிறகு முழுச் சைக்கிளையும் பார்த்தேன். செயினை மூடிய பெட்டி, நீள மட்காட், நிமிர்ந்து இருந்து ஓடுகிற ஹாண்டில், பின்னால் இரும்புக் கரியர். அப்பாவின் றலிச் சைக்கிள்! பரந்தன் சந்தியில் நிறுத்தினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஒரு வித்தியாசம் என்னை விழுத்தப் பார்த்தது. அங்கே பல சைக்கிளுக்குப் பிறேக் கையில் இல்லை, காலில். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் சில்லு நிற்கும். எங்களுக்குச் சும்மா போகும்போது பெடலைப் பின்னால் சுழற்றுகிற பழக்கம் இருக்கிறது. அங்கே சுழற்றினேன், ஒரு கால்வாய்க் கரையில் சைக்கிள் அப்படியே நின்றுவிட்டது. கால்வாய்க்கும் எனக்கும் இடையில் ஒரு முழம். தடுப்புக் கம்பி கிடையாது. அந்த ஊர்க் கால்வாய்களில் இருந்து வருசத்துக்கு 12,000 முதல் 15,000 சைக்கிள் வரை தூக்குகிறார்கள் என்று சிநேகிதன் அப்போதுதான் சொன்னான். நல்ல நேரம் பார்த்தான் சொல்ல.

அந்தக் கால்வாய்ச் சுற்று 17ஆம் நூற்றாண்டில் வெட்டியது. 2010இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். இரவில் வளைவுப் பாலங்களின் அடிவிளிம்பில் வரிசையாகப் பல்ப் எரியும். ரெகுலியர்ஸ்க்ராஹ்ட் என்ற கால்வாயில் ஒரு இடத்தில் நின்றால் ஏழு பாலம் ஒன்றுக்குள் ஒன்றாகத் தெரியும், கோயில் உள்வீதியில் விளக்கு வைத்த வளைவுகள் போல. அங்கிருந்து ரைக்ஸ் நூதனசாலை. அந்தப் பெரிய கட்டடத்தின் வயிற்றுக்குள்ளால் சைக்கிள் பாதை போகிறது. திருத்த வேலை செய்தபோது பாதையை மூடவேண்டும் என்று பெரிய வழக்காடல் நடந்ததாம். 2013இல் சைக்கிள்காரர் பக்கம்தான் வென்றது. வளைவுக்குக் கீழே ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. எங்கள் பெல் சத்தமும் அதோடு சேர்ந்து வந்தது.

ஆனாலும் எனக்கு ஆம்ஸ்டர்டாம் என்றால் அந்தச் சைக்கிள் பாதை இல்லை, படகுதான்.

மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்து மறுகரைக்குப் போகும் படகுக்கு ரிக்கெற் இல்லை. ஒரு வழித்தடம் இரவு முழுக்க ஓடும். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறி, பிடித்தபடி நிற்கவேண்டியது, ஐந்து நிமிடம். நள்ளிரவுப் படகில் ஒருவர் சமையல்காரர் உடுப்போடு நின்றார், ஒரு பொம்பிளைப்பிள்ளை கரியரில் ஒரு சாடிச் செடியைக் கட்டி வைத்திருந்தாள். ஒருவரும் கதைக்கவில்லை. மறுகரையில் இறங்கி ஆறேழு கிலோமீற்றர் கிழக்கே மிதித்தால் டுர்கர்டாம் என்ற சின்ன ஊர். அதற்குப் போகும் பாதை ஒரு அணைக்கட்டின் மேலால். ஒரு பக்கம் பெருந்தண்ணீர், மற்றப் பக்கம் தண்ணீரைவிடத் தாழ்ந்த புல்வெளி. மாட்டுச் சாணி மணம். இரணைமடுக் குளக்கட்டில் நிலாக் காலத்தில் ஓடுகிறேனோ என்று ஒரு கணம் மயங்கினேன். இரணைமடுவில் இவ்வளவு மரவீடு இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் கட்டில்தான் அந்தச் சோடியைக் கண்டேன். பெடியன் முதலில் மிதித்து வேகம் எடுக்கிறான். பெட்டை பக்கத்தில் நாலு அடி ஓடி, துள்ளி, கரியரில் ஒருபக்கமாக இருக்கிறாள். எங்கள் டபிள்ஸ்! நெதர்லாந்தில் இது சட்டப்படி சரி. டென்மார்க்கில், ஆள் ஏற்றவென்று செய்த சைக்கிள் இல்லையென்றால், பெரிய ஆளைக் கரியரில் ஏற்ற முடியாது. வாடகைச் சைக்கிள் என்றால் கரியர் ஆளைத் தாங்குமா என்று கடையில் கேட்டுவிடுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. ட்ராம் தண்டவாளத்தின் இடுக்கு ஒரு ரயர் அகலம். அதைச் சாய்வாக வெட்டினால் சில்லு உள்ளே போகும், நீங்கள் மேலே போவீர்கள். நேர்குறுக்காக வெட்டவேண்டும். வெள்ளி, சனி இரவில் நகரின் நடுப்பகுதிக்குள் போகவே வேண்டாம். குடித்தவர்கள் சைக்கிள் பாதையை நடைபாதை என்று நினைப்பார்கள். நீல இலக்கத் தகட்டு மொபெட்டுகளை 2019 ஏப்ரலில் நகர்ப்பகுதிச் சைக்கிள் பாதைகளில் இருந்து வீதிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனால் கொழுத்த ரயர் போட்ட மின்சாரச் சைக்கிளில் பெடியள் அம்பு போல வருகிறார்கள். கையில் போன் பிடித்தபடி ஓடினால் தண்டம். லைற் மினுங்கக் கூடாது, நின்று எரியவேண்டும். பூட்டு இரண்டு வேண்டும். ரயில் நிலையத்துக்கு முன்னால், தண்ணீருக்குக் கீழே, 7,000 சைக்கிள் விடுகிற தரிப்பிடம் ஒன்று 2023 தையில் திறந்தது. முதல் 24 மணித்தியாலம் இலவசம். வெளியில் விட்டுப் பதறுவதைவிட அதில் விடுவது நல்லது.

திரும்பிப் பார்த்தேனா? குறைவு. ஆனால் கீழே பார்த்தேன், அடிக்கடி.

பாரிஸில் நாலு பக்கமும் பார்த்தேன். அந்த ஊர் சைக்கிளுக்கென்று வளர்ந்த ஊர் அல்ல, காரிடம் இருந்து பிடுங்கிச் சைக்கிளுக்குக் கொடுத்த ஊர். பிடுங்கிய தழும்பு சந்திக்குச் சந்தி தெரியும். பாதை இந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும், சந்தி தாண்டினால் மற்றப்பக்கம். இருவழிச் சைக்கிள் பாதையில் எதிரே சாப்பாட்டுப் பெட்டி சுமந்த பெடியன் லைற் இல்லாமல் வருவான். பாவம், அவனுக்கு நேரக் கணக்கு. பேருந்துப் பாதையில் சைக்கிளும் போகலாம். போகும்போது பின்னால் பேருந்து மூச்சு விடும். ஏ-9 ஞாபகம் வந்தது அங்கேதான்.

என்றாலும் ஓகஸ்டில் பாரிஸ்காரர் பாதிப்பேர் லீவுக்கு ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். ஊர் முழுக்க 2021 ஓகஸ்டில் இருந்து பெரும்பாலான வீதிகளில் வேகம் மணிக்கு 30 கிலோமீற்றர்தான். நான் லா சப்பலில் மாணிக்க விநாயகர் தேருக்குப் போய்விட்டு, வீதியில் உடைத்த தேங்காயின் மணம் கையில் இருக்க, அன்றிரவே பொதுச் சைக்கிள் ஒன்றை எடுத்தேன். வெலிப் என்று 2007இல் தொடங்கியது; பச்சை சாதாரணம், நீலம் மின்சாரம். ஒரு உள்ளூர் இரகசியம்: சீற்றைப் பின்பக்கம் திருப்பி வைத்திருந்தால் அந்தச் சைக்கிளில் ஏதோ பழுது என்று அர்த்தம், முதல் ஓடியவர் அடுத்தவருக்குச் செய்த உபகாரம். திருப்பாத சீற்றையும் நம்பாமல் ரயரை அமுக்கிப் பாருங்கள். எடுக்க வங்கி அட்டை வேண்டும், 300 யூரோ பிணையாக நிறுத்தி வைப்பார்கள். எடுக்கப்படும் காசு இல்லைதான், ஆனாலும் எங்கள் காசில் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபா அட்டையில் இருக்கவேண்டும். மாமியின் அட்டையைக் கேளுங்கள்.

கார் து நோர் ரயில் நிலையத்தில் இருந்து செபாஸ்தோபோல் வீதியால் நேரே இறங்கி, ரிவோலி வீதியில் வலப்பக்கம் திரும்பினால் லூவர் அரண்மனை. ரிவோலியை 2020இல் பெரும்பாலும் சைக்கிளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு அகன்ற வீதி, ஒரு பக்கம் முழுக்க வளைவுத் தாழ்வாரம், இரவு பன்னிரண்டுக்கு நானும் இன்னும் நாலு சைக்கிளும். அந்த ஒன்றரைக் கிலோமீற்றருக்காகப் பாரிஸை மன்னிக்கலாம். அதற்குப் பிறகு கொங்கோர்ட் சதுக்கத்தின் கல்தரையில் பல் ஆடியது. ஈபிள் கோபுரம் பொழுதுபட்ட பிறகு மணிக்கொரு தடவை ஐந்து நிமிடம் மினுங்கும். அதைச் சைக்கிளில் இருந்து பார்க்காதீர்கள். எல்லாரும் மேலே பார்ப்பார்கள், அங்கேதான் முட்டுப்படும்.

நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவனைப் பற்றியும் கேட்பார்கள். அதன் பக்கத்தில் நியூனன் என்ற ஊரில் 2014இல் போட்ட ஒளிரும் சைக்கிள் பாதை இருக்கிறது. ஓவியர் வான்கோ வாழ்ந்த ஊர்; பகல் வெயிலை உறிஞ்சிய கற்கள் இரவில் பச்சையும் நீலமுமாகச் சுழிசுழியாக மினுங்கும். படத்தில் பெரிதாகத் தெரியும், ஆனால் நீளம் 600 மீற்றர். என் வீட்டுப் படலையில் இருந்து கடைக்கு வருகிற தூரம். அதற்கென்று ஒரு இரவைச் செலவழிக்க வேண்டாம். ஜெர்மனியில் ஹம் காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் பக்கத்தில் மூன்ஸ்ரருக்கு ஒரு பின்னேரம் போகலாம். பழைய கோட்டை மதில் இருந்த இடத்தில் நாலரைக் கிலோமீற்றர் மரச்சோலை வட்டம், வாகனமே இல்லை. ஒரு சுற்று, ஒரு ஐஸ்கிறீம், முடிந்தது.

இனிக் காசு. கோப்பன்ஹேகனில் போனில் செயலியைப் போட்டால் தெருவில் நிற்கும் செம்மஞ்சள் டொங்கி றிப்பப்ளிக் சைக்கிளின் பூட்டுத் திறக்கும். ஆம்ஸ்டர்டாமில் வாடகைக் கடைக்குப் போய் நாள் கணக்கில் எடுப்பதுதான் வசதி. ரயில் நிலையத்து மஞ்சள்-நீலச் சைக்கிள் மலிவு, ஆனால் அது அந்நாட்டவருக்கே தோதாகச் செய்த ஏற்பாடு. எப்படிப் பார்த்தாலும் சொந்தக்காரர் கராச்சில் கிடக்கிற பழைய சைக்கிளுக்கு ஈடில்லை. காற்றடித்து, எண்ணெய் விட்டு, பிறேக் கட்டையைப் பார்த்துவிட்டு ஓடுங்கள். எங்கள் ஆட்கள் அங்கே கார் வாங்கியதும் சைக்கிளைக் கராச்சில் போட்டுவிடுகிறார்கள், அது அவர்களுடைய பாவம்.

மச்சானுக்கு நான் சொன்ன முடிவு இதுதான். தனியாகப் போகிற ஆள், முதல்முறை போகிற ஆள், இருட்டில் வலப்பக்கம் ஓடிப் பழகாத ஆள் என்றால் மூன்று இரவும் கோப்பன்ஹேகன். பாரிஸில் தேர் முடிந்த இரவில் ரிவோலியை மட்டும் பார்க்கலாம், அதுவும் மாமியின் மகன் கூட வந்தால். மூன்று நாடும் ஒரே செங்கன் விசாவுக்குள் வந்தாலும், கூட நாள் நிற்கிற நாட்டுக்குத்தான் விண்ணப்பம் போடவேண்டும். அதனால் இதை இப்போதே முடிவெடுக்க வேண்டும். டென்மார்க் என்றே போடுங்கள் என்றேன்.

"அப்ப ஆம்ஸ்டர்டாம்?"

"அது தனிய ஓடுற ஊர் இல்லை மச்சான். இன்னொராள் கரியரில இருந்தால்தான் அந்த ஊருக்கு ருசி."

ரியூப்பில் குமிழி வரவில்லை. துடைத்து உள்ளே வைத்து, ரயரை ஏற்றினேன். வாங்கில் இருந்த தங்கச்சி அதுவரைக்கும் ஒரு கதையும் கதைக்கவில்லை.

"நான் வரேல்லை எண்டு உங்கள் ரெண்டு பேருக்கும் ஆர் சொன்னது?" என்றாள்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் பம்மைப் பார்த்தேன்.

"தம்பியார் ரெண்டு பேருக்கும்தான் கடிதம் அனுப்பினவர். இவர்தான் பிள்ளையளை ஆர் பாக்கிறது எண்டு என்னைக் கேக்காமலே கணக்கை முடிச்சுப்போட்டார். அம்மா பாப்பா. ஒல்லாந்து எண்டால் விண்ணப்பத்தை மாத்த வேணுமோ அண்ணா?"

"ஆம்ஸ்டர்டாமிலதான் கூட நாள் நிக்கிறது எண்டால் மாத்தத்தான் வேணும்."

"அப்ப மாத்துங்கோ" என்று மச்சானிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினாள்.

காற்றடித்து முடிய நன்றாக இருட்டிவிட்டது. ஒட்டுக்கு அவரிடம் காசு வாங்கவில்லை. மச்சான் சைக்கிளை உருட்டி வீதிக்கு ஏற்றி மிதிக்கத் தொடங்க, தங்கச்சி பையோடு நாலு அடி ஓடித் துள்ளிக் கரியரில் இருந்தாள். ஆனையிறவுப் பக்கம் இருந்து ஒரு லொறி வந்தது. வெளிச்சம் இரண்டு பேருடைய நிழலையும் நீளமாக முன்னால் போட்டது. மச்சான் திரும்பவில்லை. தங்கச்சிதான் திரும்பிப் பார்த்தாள், பிறகு அவருடைய முதுகில் தட்டினாள். சைக்கிள் ஆறுதலாகக் கிறவலில் இறங்கியது.